தூதர் கடிதத்தைப் படிப்பது எப்படி: 16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசவைகளுக்குள் புதிதாக நுழைபவர்களுக்கு

ஐரோப்பிய அரசவை வரலாற்றில் இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது தூதர்களின் கடிதங்களைத்தான். அரசன் யார்மீது எரிந்து விழுந்தான், அரசி யாரைப் பார்த்தும் பாராததுபோல் போனாள், எந்த அமைச்சர் எந்த நாட்டிடம் பணம் வாங்கினார் என்பதெல்லாம் அவற்றில் கிடைக்கும். படிக்கச் சுவையாக இருப்பதாலேயே வழுக்கியும் விடும். கடிதத்தில் எழுதியிருப்பதை அப்படியே நடந்த நிகழ்ச்சியாக எடுத்துக்கொண்டு விடுகிறோம்.

ஒரு கடிதம் தூதரின் மேசையிலிருந்து உங்கள் திரைக்கு வந்து சேர்வதற்குள் பல கைகள் மாறியிருக்கிறது. நகலெடுத்த எழுத்தர், சங்கேத எழுத்தில் மாற்றியவர், அஞ்சல் குதிரைக்காரர், வழியில் பிரித்துப் பார்த்தவர், பெற்ற இடத்தின் செயலாளர், 19ஆம் நூற்றாண்டில் சுருக்கி அச்சிட்ட பதிப்பாசிரியர் எல்லோரும் அதில் தடம் விட்டிருக்கிறார்கள். அந்தத் தடங்களைப் பார்த்துவிட்டே உள்ளே போக வேண்டும். கீழே சொல்லும் வரிசை அதற்கானது.

எடுத்துக்காட்டாக ஒரு கடிதத்தை வைத்துக்கொள்வோம். யூஸ்தாஸ் ஷாப்பூயி, 1529 முதல் 1545 வரை, ஸ்பெயினின் அரசருமான பேரரசர் ஐந்தாம் சார்லஸின் தூதராக லண்டனில் இருந்தவர். அவர் 1536 ஏப்ரல் 21 அன்று எழுதிய கடிதத்தில் ஒரு தலைவணக்கத்தைப் பற்றி வருகிறது. எட்டாம் ஹென்றியின் இரண்டாம் மனைவி ஆன் பொலினை அரசியாக ஏற்காமல், தன் கடிதங்களில் 'வைப்பாட்டி' என்றே குறிப்பிட்டு வந்த ஷாப்பூயி, ஏப்ரல் 18 அன்று கிரீனிச் அரண்மனைத் தேவாலயத்தில் அவருக்கு வணக்கம் செய்தார்.

எந்தப் பிரதி உங்கள் கையில் இருக்கிறது?

மேலே சொன்ன கடிதத்தை இணையத்தில் தேடினால் ஆங்கிலத்தில் இரண்டு வடிவங்கள் கிடைக்கும். ஒன்று, எட்டாம் ஹென்றி ஆட்சிக்கால ஆவணங்களின் சுருக்கத் தொகுதியில் இருப்பது. மற்றொன்று, ஸ்பெயின் தொடர்பான அரசாங்க ஆவணங்களின் சுருக்கத் தொகுதியில் இருப்பது. இரண்டும் 19ஆம் நூற்றாண்டில் தொகுக்கத் தொடங்கியவை. ஷாப்பூயி எழுதியதோ பிரெஞ்சில். அவருடைய கடிதங்கள் இன்று இருப்பது வியன்னா ஆவணக்காப்பகத்தில். 'ஸ்பெயின்' என்று தலைப்புப் போட்ட தொகுதியில், ஸ்பானிய மொழியில் எழுதப்படாத, ஸ்பெயினில் இல்லாத கடிதம் இருக்கிறது என்பதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. அடிக்குறிப்பில் 'ஸ்பானியத் தூதர் ஸ்பானிய மொழியில் எழுதினார்' என்று தவறாகப் போடுவது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

சுருக்கத் தொகுதிகளை ஒதுக்க வேண்டாம். அவை இல்லாமல் தேடவே முடியாது. ஆனால் அவற்றை முகவரிப் புத்தகமாகப் பயன்படுத்துங்கள். எந்த நாளில், யார், யாருக்கு, எந்த ஆவணக் கட்டில் என்பதை அங்கே பிடித்துக்கொண்டு, நீங்கள் வாதத்துக்கு எடுக்கும் வரிகளை மட்டுமாவது மூலத்தின் படத்திலோ, மூலமொழி அச்சுப் பதிப்பிலோ சரிபாருங்கள். யார் முதலில் தலைவணங்கினார் என்பது போன்ற கேள்விக்குச் சுருக்கம் ஒருபோதும் போதாது. ஒரு வினைச்சொல்லை மொழிபெயர்ப்பாளர் எப்படி எடுத்தார் என்பதில் விடையே மாறிவிடும்.

பிறகு, பிரதியின் தன்மை. அடித்தல் திருத்தலோடு இருந்தால் அது அனுப்பியவரிடமே தங்கிய வரைவு. கையொப்பமும் முத்திரைத் தடமும் இருந்தால் அனுப்பப்பட்ட மூலம். ஒரே கையெழுத்தில் வரிசையாகப் பல கடிதங்கள் இருந்தால் பதிவேட்டு நகல். பிரெஞ்சுத் தூதரின் கடிதம் லண்டன் அரசாங்க ஆவணங்களுக்குள் கிடைத்தால், அது வழியில் பிடிபட்டதா, விலைக்கு வாங்கப்பட்டதா, தூதரே காட்டியதா என்று கேட்க வேண்டும். வரைவில் இருந்த வரி அனுப்பிய மூலத்தில் இல்லாமல் போயிருக்கலாம். வரைவை வைத்துக்கொண்டு 'அரசர் இதைப் படித்தார்' என்று எழுதக் கூடாது.

என்ன வகைக் கடிதம்?

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். தூதரிடம் கொடுத்தனுப்பும் நற்சான்றுப் பத்திரம் 'இவர் சொல்வதை நம்புங்கள்' என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. அதில் கொள்கையைத் தேட வேண்டாம். கொள்கை இருப்பது அறிவுறுத்தல் பத்திரத்தில். அதிலும் காட்டுவதற்கு ஒன்று, மறைப்பதற்கு ஒன்று என இரண்டு இருப்பதுண்டு. அன்றாடச் செய்தி இருப்பது தூதரின் அறிக்கைக் கடிதங்களில். வெனிஸ் தூதர்கள் பணி முடிந்து ஊர் திரும்பியதும் செனட் முன்னால் வாசிக்கும் 'ரெலாட்சியோனே' தனி வகை. அது ஒரு நாட்டின் வருமானம், படை, அரசனின் குணம் எல்லாவற்றையும் தொகுத்துச் சொல்லும் மேடை உரை. முந்தைய தூதர் சொன்ன வருணனைகள் அதில் திரும்ப வருவது வழக்கம். ஒரு குறிப்பிட்ட வாரத்தில் என்ன நடந்தது என்பதற்கு அதைச் சான்றாக எடுக்க முடியாது.

தேதி: அதிகம் பேர் தவறுவது இங்கேதான்

மூன்று பொறிகள் இருக்கின்றன. மூன்றையும் ஒவ்வொரு கடிதத்துக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, நாட்காட்டி. 1582 அக்டோபர் 4ஆம் தேதிக்கு அடுத்த நாளை ஸ்பெயினும் போர்ச்சுகலும் இத்தாலிய அரசுகளும் அக்டோபர் 15 என்று எண்ணின. பிரான்ஸ் அதே ஆண்டு டிசம்பரில் மாறியது. இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. ஆகவே 1582க்குப் பிறகு, லண்டனில் இருக்கும் ஆங்கிலேயச் செயலாளருக்கும் அதே தெருவில் தங்கியிருக்கும் பிரெஞ்சுத் தூதருக்கும் பத்து நாள் இடைவெளி. 1700 பிப்ரவரிக்குப் பிறகு அது பதினொன்று. ஷாப்பூயி காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை.

இரண்டாவது, ஆண்டின் தொடக்கம். இங்கிலாந்தில் ஆண்டு எண் மார்ச் 25 அன்று மாறியது. வெனிஸில் மார்ச் 1. பிரான்சில் 1560களில் ஜனவரி 1 ஆனது. ஃபுளோரன்ஸ் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மார்ச் 25ஐ விடவில்லை. ஹென்றியின் முதல் மனைவி கேத்தரின் இறந்தது நம் கணக்கில் 1536 ஜனவரி 7. அன்றைய ஆங்கில எழுத்தர் அதை 1535 என்றே எழுதியிருப்பார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் கடிதங்களில் ஆண்டைக் கவனிக்காமல் விட்டால், பதில் கடிதம் கேள்விக் கடிதத்துக்கு ஓராண்டு முன்னால் போய் உட்கார்ந்துவிடும்.

மூன்றாவது, மாதப் பெயரின் சுருக்கம். பிரெஞ்சு, இத்தாலியக் கடிதங்களில் 7 என்ற எண்ணைப் போட்டு அதன் பின்னால் மூன்று சிறிய எழுத்துகள் ஒட்டியிருக்கும். அது ஜூலை அல்ல, செப்டம்பர். லத்தீனில் ஏழு என்பதிலிருந்து வந்த மாதப் பெயர் அது. அதேபோல் 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர்.

தேதி எந்த நாட்காட்டியில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் கிழமையைத் தேடுங்கள். ஸ்காட்லாந்து அரசி மேரி தலை வெட்டப்பட்டது பழைய கணக்கில் 1587 பிப்ரவரி 8, புதிய கணக்கில் பிப்ரவரி 18, கிழமை புதன். புதிய கணக்கின்படி பிப்ரவரி 8 ஞாயிற்றுக்கிழமையில் வரும். ஆகவே 'புதன், பிப்ரவரி 8' என்று ஒரு கடிதம் சொன்னால், எழுதியவர் பழைய நாட்காட்டியில் இருக்கிறார் என்பது உறுதி. ஈஸ்டர், பெந்தகோஸ்து போன்ற திருநாள்களும் இதே உதவியைச் செய்யும். உங்கள் குறிப்பேட்டில் எப்போதும் இரண்டு தேதியையும் எழுதுங்கள்: 8/18 பிப்ரவரி 1587 என்று. எழுதியிருந்தபடியே ஒரு பத்தி (நெடுவரிசை), மாற்றிய தேதிக்கு ஒரு பத்தி. மாற்றியதை மட்டும் வைத்துக்கொண்டால், மாற்றியதில் பிழை இருந்தது பின்னால் தெரியவே வராது.

உள்ளே படிக்கும் முன் வெளியே பாருங்கள்

அக்காலத்தில் உறை என்று தனியாக ஒன்று பெரும்பாலும் இல்லை. எழுதிய தாளையே மடித்து, மடித்த கட்டின் ஊடாகக் கத்தியால் கீறி, அதில் காகித நாடாவை நுழைத்து, அரக்கு வைத்து முத்திரை குத்துவார்கள். படத்தில் தாளின் பின்பக்கத்தை வாங்கிப் பாருங்கள். காப்பகங்கள் பல நேரம் எழுத்துள்ள பக்கத்தை மட்டுமே படமெடுத்து வைத்திருக்கும். பின்பக்கம் கேட்டால்தான் கிடைக்கும். அங்கே இணை இணையாகச் சிறு கீறல்கள், அரக்கின் கறை, மற்றப் பகுதிகளைவிட அழுக்கேறிய ஒரு செவ்வகம் இருக்கும். அந்தச் செவ்வகம்தான் பயணத்தின்போது வெளியே தெரிந்த முகம்.

மடிப்பும் கீறலும் அறவே இல்லாவிட்டால் அது நகலாகவோ, வேறொரு கட்டுக்குள் வைத்து அனுப்பியதாகவோ இருக்க வேண்டும். முத்திரை இருந்த இடத்தில் இரண்டு முறை அரக்கு ஊற்றிய தடம் தெரிந்தால், யாரோ இடையில் பிரித்திருக்கலாம் என்று சந்தேகிக்கக் காரணம் உண்டு. 1650களில் லண்டனில், ஆலிவர் கிராம்வெல் ஆட்சியின் செயலாளர் தர்லோவின் அலுவலகம் கடிதங்களைப் பிரித்துப் படிப்பதை அன்றாட வேலையாகவே செய்தது. சங்கேதத்தை உடைக்க ஜான் வாலிஸ் என்ற கணித அறிஞர் இருந்தார்.

பிரிப்பது தெரிந்துவிட வேண்டும் என்பதற்காகவே சிக்கலான பூட்டுகள் வந்தன. மேரி தன் கடைசி இரவில் பிரான்சின் மூன்றாம் ஹென்றிக்கு எழுதிய கடிதம் சுருள் பூட்டு முறையில் மூடப்பட்டது. தாளின் ஓரத்திலேயே ஒரு மெல்லிய நாடாவை அறுபடாமல் வெட்டி, மடித்த கட்டின் கீறல்களில் ஊசித் தையல்போல மீண்டும் மீண்டும் நுழைத்து இறுக்குவது அது. திறந்தால் நாடா கிழியும். மறுபடி ஒட்ட முடியாது. கடிதம் இப்போது எடின்பரோவில் இருக்கிறது.

பின்பக்கத்தில் முகவரியோடு வேறு கையெழுத்தில் ஒரு குறிப்பும் இருக்கும். பெற்ற இடத்தின் செயலாளர் எழுதியது: யாரிடமிருந்து, எழுதிய தேதி, வந்து சேர்ந்த தேதி. இதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாம் சார்லஸின் மகன் இரண்டாம் ஃபிலிப் காலத்து ஸ்பானியத் தாள்களில் ஓரத்தில் அரசரே கிறுக்கியிருக்கும் குறிப்புகள் இருக்கும். பல நேரம் கடிதத்தைவிட அந்தக் கிறுக்கலே முக்கியம்.

தாளில் விட்டிருக்கும் வெற்றிடமும் பேசும். விளிப்புக்கும் முதல் வரிக்கும் நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார், கையொப்பத்தைத் தாளின் எவ்வளவு கீழே இறக்கிப் போட்டிருக்கிறார் என்பது மரியாதையின் அளவு. அரசர் 'தன் கையால்' எழுதியது என்றால் அது பெரிய சலுகை. ஆனால் கவனம்: பதினான்காம் லூயிக்கு, அவர் கையெழுத்தைப்போலவே எழுதுவதற்கென்று தூசேன் ரோஸ் என்ற செயலாளர் இருந்தார்.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஒன்று இந்த இடத்தில் உண்டு. தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620இல் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியானுக்குப் பொன் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. அதன் வாசகத்தை மட்டும் படித்துவிட்டு, எழுதிய பொருளைப் பார்க்காமல் விட்டால் பாதிச் செய்தி போய்விடும். ஐரோப்பியக் கடிதங்களிலும் பட்டு நூலையும் முத்திரையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது?

ஒவ்வொரு கடிதத்துக்கும் இந்தக் கேள்விக்கு ஒரு எண்ணாவது எழுதுங்கள். டாக்ஸிஸ் குடும்பம், ஐந்தாம் சார்லஸின் மரபான ஹாப்ஸ்பர்க் அரசர்களுக்காக நடத்திய குதிரை அஞ்சலின் 1516ஆம் ஆண்டு ஒப்பந்தம் பிரஸ்ஸல்ஸிலிருந்து பாரிசுக்குக் கோடையில் 36 மணி, குளிர்காலத்தில் 40 மணி என்று கெடு வைத்தது. இன்ஸ்ப்ரூக்குக்கு 5 நாள், குளிரில் 6. ரோமுக்குப் பத்தரை நாள், குளிரில் 12. இவை ஒப்பந்தக் கெடு. நடைமுறை வேறு. வெனிஸ் நகரத்தவர் மரினோ சனூதோவின் நாட்குறிப்புகளிலிருந்து கணக்கிட்டால், லண்டனிலிருந்து வெனிசுக்குச் செய்தி வர வழக்கமாக 24 நாள். மிகக் குறைவாக 9, மிக அதிகமாக 52. கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வழக்கமாக 34. குறைவு 15, அதிகம் 81.

வேகம் விலைக்குக் கிடைத்தது. 16ஆம் நூற்றாண்டில் வெனிஸிலிருந்து நூரம்பர்குக்கு 4 நாளில் கொண்டுபோக 58 ஃபுளோரின் நாணயம். 6 நாள் ஆகலாம் என்றால் 25. ஆகவே தூதர் ஒரு கடிதத்தைத் தனி அஞ்சல்காரரிடம் கொடுத்தாரா, வழக்கமான வார அஞ்சலில் போட்டாரா என்பதே அந்தச் செய்திக்கு அவர் வைத்த மதிப்பைச் சொல்லிவிடும். முகவரிப் பக்கத்தில் 'விரைவு, விரைவு' என்று லத்தீனில் எழுதியிருப்பதையும், ஆங்கிலக் கடிதங்களில் 'உயிர் போகிற அவசரம்' என்ற பொருளில் எழுதித் தூக்குமரம் வரைந்திருப்பதையும் காணலாம். வழி நிலையங்களில் வந்த மணியைக் குறித்த சீட்டு கூடவே கிடைத்தால் அதைப் பொக்கிஷமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்கள் ஏன் வேண்டும்? ஷாப்பூயி ஏப்ரல் 21 அன்று எழுதியபோது ஐந்தாம் சார்லஸ் இத்தாலியில் இருந்தார். ஏப்ரல் 17 அன்றுதான் ரோமில் போப் முன்னால் பேசியிருந்தார். லண்டன்-வெனிஸ் வழக்கக் கணக்கான 24 நாளைப் போட்டால் மே 15 வருகிறது. ஆன் பொலின் கைதானது மே 2, விசாரணை மே 15, தலை வெட்டப்பட்டது மே 19. தலைவணக்கச் செய்தி பேரரசர் கைக்குப் போய்ச் சேரும் காலத்தில், வணங்கப்பட்டவர் லண்டன் கோபுரத்தில் கைதி. ஆகவே 'தூதர் இப்படி எழுதினார், அதனால் அரசர் அப்படி முடிவெடுத்தார்' என்று எழுதும் முன், கடிதம் போய்ச் சேர்ந்திருக்கவே முடியுமா என்று நாளை எண்ண வேண்டும். தூரத்திலிருந்த அரசர்கள் தூதர்களுக்கு விரிவான கட்டளை கொடுத்ததும், தூதர்கள் பல நேரம் கட்டளையை மீறித் தாங்களாகவே முடிவெடுத்ததும் இந்த நாள்களின் விளைவுதான்.

சங்கேத எழுத்து வந்தால்

பயப்பட வேண்டாம், முதலில் நீங்கள் உடைக்க வேண்டியிருக்காது. பெற்றவரின் செயலாளர் பெரும்பாலும் விடையை வரிகளுக்கு நடுவிலோ, ஓரத்திலோ, தனித் தாளிலோ எழுதியிருப்பார். அந்தத் தனித் தாள் வேறு கட்டிலும், சில நேரம் வேறு ஊரிலும் இருக்கும். ஐந்தாம் சார்லஸ் 1547இல் பிரான்சிலிருந்த தன் தூதர் ழான் த சேன்-மோரிசுக்கு எழுதிய கடிதம் 2022இல் நான்சி நகரில் உடைக்கப்பட்டது. கணினியோடு போராடியவர்களுக்கு வழி திறந்தது, பெசன்சோனில் கிடைத்த மற்றொரு கடிதம். அதன் ஓரத்தில் அந்தத் தூதரே விடையை எழுதி வைத்திருந்தார். பக்கத்துக் காப்பகத்தின் பட்டியலைப் பார்ப்பது எந்த மென்பொருளையும்விட முதலில் செய்ய வேண்டிய வேலை.

விடை எங்குமே இல்லாவிட்டால் வேலை இப்படிப் போகும். ஒவ்வொரு குறிக்கும் ஒரு எண் கொடுத்து, அந்தக் குறியின் வெட்டிய படத்தோடு ஒரு பட்டியல் தயாரியுங்கள். தோல்வியில் பெரும்பகுதி இந்தக் கட்டத்தில் நடக்கிறது. ஒரே குறியை எழுத்தர் இரண்டு விதமாக எழுதியதை இரண்டு குறியாக எடுப்பது ஒரு தவறு; மேலே இருக்கும் சிறு புள்ளியை மைத்துளி என்று விட்டுவிடுவது மற்றொன்று. 1547 கடிதத்தில் மெய்யெழுத்தின் குறியோடு சேர்ந்த சிறு கோடுகளே பின்வரும் உயிரைக் காட்டின. உயிர்மெய் எழுதிப் பழகிய நமக்கு அது சட்டென்று புரியும். லத்தீன் எழுத்துக்காரர்களுக்கு அப்படியில்லை.

குறிகள் மூன்று வகையாக இருக்கும் என்று எதிர்பாருங்கள்: எழுத்துக்கு நிற்பவை, பெயருக்கோ முழுச் சொல்லுக்கோ நிற்பவை, ஏமாற்றுவதற்கென்றே போட்ட வெற்றுக் குறிகள். மேரியும், எலிசபெத் அரசியைக் கொல்லச் சதி செய்த பாபிங்டனும் 1586இல் பயன்படுத்திய முறையில் எழுத்துகளுக்கு 23 குறி, சொற்களுக்கு முப்பதுக்கு மேல், வெற்றுக் குறி 4. எலிசபெத்தின் செயலாளர் வால்சிங்காமின் ஆள் தாமஸ் ஃபெலிப்ஸ் அதை எளிதாக உடைத்து, மேரியின் கடிதத்தின் அடியில் அதே குறிகளால் ஒரு போலிப் பின்குறிப்பையும் சேர்த்தார். சங்கேதத்தில் இருப்பதெல்லாம் அனுப்பியவரே எழுதியது என்று நம்பக் கூடாது என்பதற்கு அதுவே சாட்சி. நல்ல முறைகளில் அடிக்கடி வரும் எழுத்துக்கு மூன்று நான்கு குறிகள் கொடுத்திருப்பார்கள். ஆகவே எது அதிகம் வருகிறது என்று எண்ணினால் மட்டும் போதாது. திரும்ப வரும் குறித் தொடர்களைத் தேடுங்கள். ஒரே இருவருக்கு இடையே போன எல்லாக் கடிதங்களையும் சேர்த்து எடுங்கள். ஆனால் இடையில் திறவுகோல் மாறியிருக்கலாம். இரண்டாம் ஃபிலிப் 1556இல் அரியணை ஏறியதும் தந்தை காலத்து முறைகளை மாற்றினார். இரண்டு திறவுகோல் கடிதங்களைக் கலந்து எண்ணினால் ஒன்றும் வராது.

மொழியை முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள். பாரிஸ் தேசிய நூலகத்தில் 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதி இத்தாலியத் தாள்கள் என்று பட்டியலிட்ட ஒரு கட்டிலிருந்து, மேரி 1578 முதல் 1584 வரை எழுதிய 57 கடிதங்கள் 2023இல் வெளிவந்தன. பெரும்பாலானவை லண்டனிலிருந்த பிரெஞ்சுத் தூதர் கஸ்தெல்னோவுக்கு எழுதியவை. பட்டியலில் சொன்ன மொழி, காலம் இரண்டுமே தவறு. பிரெஞ்சில் பெண்பால் விகுதிகளும், 'என் விடுதலை', 'என் மகன்' என்ற சொற்களும் துலங்கிய பிறகே எழுதியவர் யார் என்று தெரிந்தது.

உடைத்த பிறகு ஒரு கேள்வி மிச்சம்: கடிதத்தின் எந்தப் பகுதியைச் சங்கேதத்தில் போட்டார், எதை வெளிப்படையாக விட்டார்? வழியில் பிரித்துப் படிப்பார்கள் என்று தூதர்களுக்குத் தெரியும். வெளிப்படையாக விட்ட பாராட்டு வரிகள், பிரித்துப் படிப்பவருக்காகவே எழுதியவையாகவும் இருக்கலாம்.

சடங்கைத் தாண்டிப் போகாதீர்கள்

யார் வாசல்வரை வந்து அழைத்தார், எந்த அறைவரை விட்டார்கள், தொப்பி தலையில் இருந்ததா கையில் இருந்ததா, வலப்பக்கம் யார் என்று தூதர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். புதியவர்கள் அதை வெறும் அலங்காரம் என்று தாண்டிப் போகிறார்கள். அங்கேதான் அரசியலே இருக்கிறது. வாயால் சொன்னதை மறுநாள் மறுக்கலாம். பலர் முன்னால் செய்த வணக்கத்தை மறுக்க முடியாது.

ஷாப்பூயிக்குத் திரும்புவோம். காலையில் தன் செயலாளர் தாமஸ் கிராம்வெல் மூலமாக, ஆன் பொலினைப் போய்ப் பார்த்துக் கையில் முத்தமிட விருப்பமா என்று அரசர் கேட்டனுப்பினார். ஷாப்பூயி மறுத்தார். அடுத்து, ஆனின் சகோதரர் ரோச்ஃபர்ட் பிரபுவே அவரைத் தேவாலயத்துக்கு அழைத்துப்போனார். அவர் நின்றது ஆன் வரும் கதவருகே. ஆன் திரும்பி மரியாதை செய்தார், ஷாப்பூயியும் செய்தார். இருவரும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்க்கக் கூட்டம் கூடியிருந்தது என்று அவரே எழுதுகிறார். அதற்குப் பிறகு ஆனின் அறையில் நடந்த விருந்துக்கு அவர் போகவில்லை. இந்த நான்கையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரே 'கேட்டது, கொடுத்தது, மறுத்தது' என்று குறியுங்கள். முத்தம் மறுப்பு, வணக்கம் சம்மதம், விருந்து மறுப்பு. 'தூதர் ஆன் பொலினை அரசியாக ஏற்றுக்கொண்டார்' என்ற ஒற்றை வரி எவ்வளவு அவசரமானது என்பது அப்போது தெரியும். பேரரசரோடு உறவை நாடிய தரப்புக்குத் தேவையான அளவு கொடுத்து, அதற்கு மேல் ஒரு அடி நகராமல் நின்றிருக்கிறார்.

உறவுப் பெயர்களையும் இதே கண்ணோடு பாருங்கள். ஓர் அரசர் மற்றோர் அரசரைச் 'சகோதரர்' என்பது இரத்த உறவைக் குறிக்க வேண்டியதில்லை; சமநிலையை ஒத்துக்கொள்வது அது. ஒரு கடிதத்தில் இருந்த பட்டம் அடுத்ததில் குறைந்திருந்தால், இடையில் என்ன நடந்தது என்று தேட வேண்டும்.

இவருக்கு யார் சொன்னது?

தூதர் கண்ணால் கண்டது கொஞ்சம். மற்றதெல்லாம் மருத்துவர், வணிகர், எழுத்தர், அரசியின் தோழியர், பிற தூதர்கள் வழியாக வந்தது. கடிதத்தை மூன்று வண்ணத்தில் கோடிடுங்கள்: தானே கண்டது, பெயர் சொன்னவர் மூலம் கேட்டது, 'சொல்கிறார்கள்' என்பது. மூன்றாவது வண்ணம் அதிகமாக இருந்தால் கடிதம் பயனற்றது என்று பொருளல்ல. அரசவையில் என்ன பேச்சு ஓடியது என்பதற்கு அது நல்ல சான்று. என்ன நடந்தது என்பதற்குத்தான் இல்லை.

1536 ஏப்ரல் 1 அன்று ஷாப்பூயி மற்றொரு புகழ்பெற்ற காட்சியை எழுதினார். பின்னால் ஹென்றியின் மூன்றாம் மனைவியான ஜேன் சீமோருக்கு அரசர் பொற்காசுப் பையும் கடிதமும் அனுப்ப, அவர் கடிதத்தை முத்தமிட்டுப் பிரிக்காமல், பையோடு திருப்பி அனுப்பினாராம். சொன்னவர் எக்ஸிடர் சீமாட்டி. அவர் ஆன் பொலினை விரும்பாதவர், கேத்தரின் பக்கம் நின்றவர். சொல்வதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. ஷாப்பூயிக்கு நம்புவதற்குக் காரணம் இருந்தது. காட்சி பொய் என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் எழுதும்போது 'ஜேன் திருப்பி அனுப்பினார்' என்று எழுதாமல், 'திருப்பி அனுப்பியதாக எக்ஸிடர் சீமாட்டி தூதரிடம் சொன்னார்' என்று எழுத வேண்டும்.

பெண்களின் கடிதங்களைத் தனியாகத் தேடுங்கள். அரசாங்கத் தொகுதிகளில் அவை 'குடும்பக் கடிதம்' என்று ஒதுக்கப்பட்டிருக்கும். 1529இல் பிரான்சுக்கும் பேரரசருக்கும் இடையே காம்ப்ரேயில் சமாதானத்தைப் பேசி முடித்தவர்கள் பிரெஞ்சு அரசரின் தாய் சவோயின் லூயிசும், பேரரசரின் அத்தை ஆஸ்திரியாவின் மார்கரெட்டும். இங்கிலாந்தும் ஸ்பெயினும் செய்துகொண்ட 1604 சமாதானத்துக்குப் பிறகு லண்டனில் ஸ்பெயினிடம் ஆண்டுத் தொகை வாங்கியவர்களில் ஆங்கிலேய அமைச்சர் ராபர்ட் செசிலோடு சஃபோக் சீமாட்டி கேத்தரினும் இருந்தார். செலவுக் கணக்கில் பெயர் இருக்கிறது என்பதற்காக அவர் ஸ்பெயினின் ஆள் என்று முடிவு கட்டக் கூடாது. வாங்கியவர்கள் எல்லோரும் வேலை செய்யவில்லை. டுகாட், எஸ்கூ, கிரவுன் என்ற அக்கால நாணயங்கள் எதையும் இன்றைய ரூபாய்க்கு மாற்ற முயலவும் வேண்டாம். அதே ஆண்டில் தூதர் வாங்கிய சம்பளத்தோடு ஒப்பிட்டால் போதும்.

தூதர் கடிதத்துக்கு வெளியே, காசுக்கு விற்ற கையெழுத்துச் செய்தித் தாள்களும் சுற்றின. ஜெர்மன் வங்கிக் குடும்பமான ஃபுகர் குடும்பத்தார் 1568 முதல் 1605 வரை சேர்த்தவை வியன்னாவில் 27 தொகுதிகளாக இருக்கின்றன. இரண்டு தூதர்கள் ஒரே செய்தியை ஒரே சொற்களில் எழுதியிருந்தால், இரண்டு சாட்சி கிடைத்தது என்று மகிழ வேண்டாம். இருவரும் ஒரே செய்தித் தாளைப் பார்த்து எழுதியிருக்கலாம்.

அட்டவணையும் முதல் பயிற்சியும்

ஒரு விரிதாளில் கடிதத்துக்கு ஒரு வரி. பத்திகள்: காப்பகமும் கட்டு எண்ணும் தாள் எண்ணும் (முன்பக்கமா பின்பக்கமா என்பதோடு), எழுதியவர், பெற்றவர், இரண்டு தேதிகள், வந்து சேர்ந்த தேதி, பயண நாள், மொழி, சங்கேதம் உண்டா, பிரதியின் வகை, கூட வைத்திருந்த தாள்கள். கடிதத்தின் தொடக்க வரிகளில் பெரும்பாலும் 'உங்கள் 3ஆம் தேதி, 12ஆம் தேதிக் கடிதங்கள் கிடைத்தன' என்று இருக்கும். சம்பிரதாயம் என்று தாண்டாமல் அதற்கும் ஒரு பத்தி வையுங்கள். தொலைந்த கடிதங்கள் எத்தனை, எது எதற்குப் பதில் என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரியவரும். ஒரே கடிதத்தை இரண்டு வழியில் இரட்டையாக அனுப்பியிருந்தால் இரண்டுக்கும் தனி வரி போடுங்கள்.

பயிற்சிக்கு 1661இல் லண்டனில் நடந்த வண்டிச் சண்டையை எடுத்துக்கொள்ளலாம். ஸ்வீடன் தூதர் நகருக்குள் நுழையும் ஊர்வலத்தில் யாருடைய வண்டி முன்னால் போவது என்று ஸ்பெயின் தூதர் வாட்வில்லின் ஆட்களும் பிரெஞ்சுத் தூதர் தெஸ்த்ராதின் ஆட்களும் மோதினார்கள். பிரெஞ்சுக் குதிரைகள் கொல்லப்பட்டு, ஸ்பானிய வண்டி முன்னால் போனது. லண்டன்வாசியான சாமுவேல் பெப்பிஸின் நாட்குறிப்பில் இது செப்டம்பர் 30. பிரெஞ்சு, ஸ்பானியத் தாள்களில் அக்டோபர் 10. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஸ்பெயின், பதினான்காம் லூயி முன்னால் தன் தூதரை நிறுத்தி விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. பெப்பிஸ் பதிவிலிருந்து தொடங்கி, இரு தரப்புக் கடிதங்களையும் மேலே சொன்ன பத்திகளில் நிரப்புங்கள். முதலில் தேதிகளைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகு, சண்டையை நேரில் பார்த்து எழுதியவர் யார், மறுநாள் கேட்டு எழுதியவர் யார் என்று பிரியுங்கள்.